மோவாயைத் தூக்கியவன்

கிரென்ஷா சாலையில் எங்கள் கறுப்பின ஆண்கள் ஒருவரையொருவர் கடக்கும்போது வாயைத் திறக்க மாட்டார்கள். தலையை மட்டும் அசைப்பார்கள். அதில் இரண்டு வகை உண்டு. முன்பின் தெரியாதவர், வயதில் மூத்தவர் என்றால் மோவாய் கீழே போகும். உங்களைப் பார்த்தேன், மரியாதை, நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று அர்த்தம். கூட்டாளி, பக்கத்து வீட்டுக்காரன், சேர்ந்து ஊர் சுற்றியவன் என்றால் மோவாய் மேலே போகும். என்னப்பா, நம்ம ஆளு என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. மாற்றிச் செய்தவன் மட்டும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வான்.

வெண்டெல் புரூசார்ட் இளவட்டமாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்தி வந்த பெரியவரைப் பார்த்து மோவாயை மேலே தூக்கிவிட்டார். பெரியவர் தட்டோடு அப்படியே நின்றார். "ஏம்ப்பா, நீயும் நானும் எந்த ஜெயில்ல ஒண்ணா இருந்தோம்?" என்று கேட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. வெண்டெலின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை, தொடையில் கிள்ளினாள். அந்தக் கிள்ளலுக்கு அப்புறம் வெண்டெலின் தலை எங்கே போனாலும் கீழே மட்டுமே போயிற்று. ஐம்பத்தைந்தைத் தாண்டியும் அப்படித்தான்.

அவருக்கு வேலை பர்பாங்கில், ஒரு பெரிய அனிமேஷன் நிறுவனத்தில். படம் உருவாவதற்கு முன்னால் காட்சி காட்சியாகக் கோட்டில் வரைந்து, இங்கே இவன் வருவான், இங்கே அவள் திரும்புவாள் என்று காட்டுகிற வேலை. கை நல்ல கை. நடந்து போகிற மனிதனை முதுகுப் பக்கமாக வரைந்தாலும் அவன் வாடகை பாக்கி வைத்திருக்கிறானா என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கைக்கு அங்கே கிடைத்தது கூட்டம் வரைகிற வேலைதான். ஓடும் கூட்டம், அலறும் கூட்டம், கடைசியில் கைதட்டும் கூட்டம்.

இன்னொரு வேலையும் இருந்தது, அதற்குப் பெயர் கிடையாது. கறுப்பு நாயகன் வருகிற படம் என்றால் வெண்டெலைக் கூப்பிடுவார்கள். வரைவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. இருட்டறையில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டிவிட்டு, விளக்கைப் போட்டதும் எல்லாரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தலையாட்டுவார். "வெண்டெல் பாத்துட்டாரா?" "பாத்துட்டார், தலையாட்டிட்டார்." அதோடு அந்தப் படத்துக்குச் சாந்தி கழித்தாயிற்று. தஞ்சாவூர் பொம்மையைக்கூட யாராவது தட்டிவிட வேண்டும். வெண்டெலுக்கு விளக்கைப் போட்டால் போதும்.

அவர் தலையாட்டிய நாயகர்களைக் கேட்டால் உங்களுக்கே அலுத்துப்போகும். ஒருவன் படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இரும்புக் காண்டாமிருகமாக மாறிவிட்டான், கடைசிப் பாட்டு வரைக்கும் காண்டாமிருகம்தான். ஒருவன் முகமூடியைக் கழற்றவே இல்லை, திட்டு வாங்குகிற காட்சியில் மட்டும் கழற்றினான். இன்னொருவனுக்குச் சக்தியெல்லாம் காலணியில் இருந்தது. காலணியைச் செய்தவர் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர், அதை முடுக்குகிற பொத்தானும் அவர் சட்டைப்பையில் இருந்தது. பறப்பார்கள், அடிப்பார்கள், அடி வாங்குவார்கள், ஊரைக் காப்பாற்றுவார்கள். பறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவன் மட்டும் வேறொருத்தன். வெண்டெலுக்கு இது முதல் படத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் தலையாட்டினார். வீட்டுக் கடன் இருந்தது, மகளின் படிப்பு இருந்தது, அதையெல்லாம் விடப் பெரிதாக அலுப்பு இருந்தது. ஒரு மனிதனை அடக்குவதற்குச் சங்கிலி வேண்டாம், அலுப்பு போதும் என்பது என் கருத்து.

அப்படியிருக்கும்போதுதான் கீனன் வந்தான். புதிய படத்தின் நாயகன். தெருமுனையில் நிற்கிற சாதாரணப் பையனைப் போல வடிவமைத்திருந்தார்கள். அவனுடைய சக்தி நிறுத்துவது. ஓடுகிற எதையும் அவன் கையை உயர்த்தினால் நிறுத்திவிடுவான். ரயில், தோட்டா, விழுகிற கட்டடம் எதுவானாலும். வெண்டெலுக்கு அது பிடித்திருந்தது. எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்கு அது பிடிக்காமல் இருக்குமா?

ஆனால் அவன் காதில் ஒரு கருவி செருகியிருந்தார்கள். அதன் மறுமுனையில் ஒரு தளபதி. சதுர மோவாய், நரைத்த கிருதா. "இப்போ", "வேண்டாம்", "இடது பக்கம்", "பொறு" என்று படம் நெடுக அந்த ஆள் சொல்லிக்கொண்டே இருப்பார். கீனன் நிறுத்திக்கொண்டே இருப்பான். சொந்தமாக அவன் எதையாவது நிறுத்தினான் என்றால் அது ஆரம்பத்தில், பக்கத்து வீட்டு மிஸ்டர் பர்விஸோடு டாமினோ ஆடும்போது ஒரு கட்டையை மேசையில் விழவிடாமல் நிறுத்துவதுதான். அதற்கும் பர்விஸ் திட்டுவார்.

படத்தின் உச்சக்கட்டம் ஒரு பாலம். அதை வரைய வேண்டிய பெண் பிரசவ விடுப்பில் போய்விட்டாள். வேறு யாரும் ஓய்வாக இல்லை. இயக்குநர் டிரெவர் வந்து வெண்டெலின் மேசை ஓரத்தில் சாய்ந்துகொண்டு, "நீங்களே வரைஞ்சிடுங்களேன்," என்றான். சொல்லும்போதே வேறு யாரையாவது கேட்டிருக்கலாமோ என்கிற முகம்.

வெண்டெல் வரைந்தார். பாலம் விரிசல் விடுகிறது. நகரப் பேருந்து ஒன்று விளிம்பில் தொங்குகிறது. காதுக் கருவி கரகரத்துச் செத்துவிடுகிறது. தளபதி இல்லை, யாரும் இல்லை. கீனன் கைகளைத் தொங்கவிட்டபடி நிற்கிறான். பேருந்தின் ஜன்னலில் முன்பின் தெரியாத ஒரு கிழவர். இருவர் கண்ணும் சந்திக்கின்றன. கீனனின் மோவாய் மெல்லக் கீழே போகிறது. பார்த்துவிட்டேன் ஐயா, பார்த்துக்கொள்கிறேன். பிறகு கை உயர்கிறது, பாலம் நிற்கிறது.

இவ்வளவுதான். சண்டை இல்லை, வசனம் இல்லை. படம் முழுக்க அவனாக முடிவு செய்த ஒரே இடம் அந்தத் தலையசைப்பு. வெண்டெலுக்கு எத்தனையோ ஆண்டுகளில் முதல்முறையாக ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அந்த ஒரு இடம் கெடாமல் திரைக்குப் போக வேண்டும். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

சுவரில் வரிசையாகப் படங்களை ஒட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டுக் கதை சொன்னார். தலையசைப்பு வந்ததும் டிரெவர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பொய் சொல்லக்கூடாது, அவன் மோசமானவன் இல்லை. "வெண்டெல், இது அபாரம்," என்றான். வெண்டெல் வீட்டுக்கு வரும் வழியில் காரச் சாசேஜ் வாங்கி வந்து, அடுப்படியில் மனைவி ரெனெட்டாவின் இடுப்பைப் பிடித்து ஒரு சுற்று ஆடினார். முழங்கால் பிடித்துக்கொண்டதால் அடுத்த சுற்று இல்லை.

பிறகு முன்னோட்டம் போட்டார்கள். எங்கோ தொலைதூரப் புறநகரில், ஒரு கடைவளாகத்துக் கொட்டகையில், தெருவில் போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு அரைகுறைப் படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்கிற வழக்கம். பாலத்துக் காட்சியில் பலர் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். அவன் ஏன் சும்மா நிற்கிறான்? யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறான்? பயந்துவிட்டானா? கிரென்ஷா சாலையில் ஒரு தடவைகூட நடக்காதவர்கள், பாவம், அவர்கள்மேல் என்ன குற்றம்?

"உங்க கோட்டுல ஒரு கோடுகூட மாத்தப் போறதில்ல, வெண்டெல்," என்றான் டிரெவர். "சத்தியமா. சத்தத்துல மட்டும் ஒரு வார்த்தை."

"என்ன வார்த்தை?"

"காதுல கருவி திரும்ப உயிர் வருது. தளபதி 'இப்போ'ங்கறார். அப்புறம் இவன் தலையாட்டறான். ஜனங்களுக்குப் புரிஞ்சிடும்."

வெண்டெல் வாயைத் திறப்பதற்குள் டிரெவர் இன்னொன்றும் சொன்னான். "தளபதிக்குக் குரல் கொடுக்கற நடிகர் அடுத்த மாசம்தான் வருவார். அதுவரைக்கும் ஒப்புக்கு யாராவது பேசி வைக்கணும். உங்க குரல் நல்லா கனமா இருக்கும். ஒரே ஒரு வார்த்தைதானே, பேசிட்டு வந்துடுங்களேன்."

வெண்டெல் போய்ப் பேசினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன், "கொஞ்சம் அதிகாரமா, சார்," என்றான். வெண்டெல் அதிகாரமாகச் சொன்னார்.

மறுநாள் அறையில் போட்டுக் காட்டினார்கள். பாலம், பேருந்து, கிழவர். "இப்போ!" என்றது வெண்டெலின் குரல். கீனனின் மோவாய் கீழே போயிற்று. கை உயர்ந்தது. அதே படங்கள், அதே கோடுகள். முந்தாநாள் வரை ஒரு மனிதனின் வாக்குறுதியாக இருந்தது இன்றைக்கு 'உத்தரவு, எஜமான்' ஆகிவிட்டது. உத்தரவு போட்டதும் தானேதான். விளக்கைப் போட்டார்கள். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். சொல்ல நினைத்தது தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் தலை, அவரைக் கேட்காமலேயே, கீழே போய்விட்டது.

"அருமை," என்றான் டிரெவர். அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்து ரெனெட்டா கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டிப் பொரித்துக்கொண்டிருந்தாள். அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். ஞாயிறு மட்டும்தான் அவளுக்குப் பாதத்தில் செருப்பில்லாத நாள்.

"என்ன மூஞ்சி இது?" என்றாள். "பாஸ்டர் பேசறப்பகூடத் தூங்காம உக்காந்திருந்த. அப்பவே நெனச்சேன், ஏதோ சரியில்லன்னு."

வெண்டெல் சொன்னார். முன்னோட்டம், ஒற்றை வார்த்தை, தன் குரல், எல்லாம். ரெனெட்டா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. தலையாட்டினேன்."

"மேலயா, கீழயா?"

"என்ன கேள்வி இது?"

"கேக்கறேன்ல, சொல்லு."

"கீழ."

"அப்ப அந்தப் பையனையும் உன்னை மாதிரியே ஆக்கிட்டாங்க," என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே மனது கஷ்டமாக இருந்திருக்க வேண்டும், பொரித்ததில் பெரிய துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தாள். வெண்டெல் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"களைச்சுப் போச்சு, ரெனெட்டா. நெஜமாவே களைச்சுப் போச்சு."

"எனக்கு மட்டும் என்ன, தினமும் தாலாட்டா? எங்க கண்ட்ரோல் ரூம்ல ஒருத்தன் இருக்கான் பாரு. ஒரு கெழவி கையில பையோட தட்டுத் தடுமாறி வரும். நான் நிறுத்தி வெச்சிருப்பேன். அவன் ரேடியோல 'கிளம்பு, இப்போ கிளம்பு, இப்போ'ன்னு கத்துவான். மேல கேமரா வேற இருக்கு, நான் என்ன பண்றேன்னு பாத்துட்டே இருப்பான். நானும் 'சரி சார், சரி சார்'னு தலையாட்டிட்டே கெழவி ஏறற வரைக்கும் நிப்பேன். அவன் கத்தறப்ப நான் கேமராவப் பாத்து இப்படிப் பண்ணினேன்னு வெச்சுக்கோ..."

கரண்டியோடு திரும்பி, மோவாயை வெடுக்கென்று மேலே தூக்கிக் காட்டினாள்.

"அன்னைக்கே என் சாவிய வாங்கிடுவான். மேல ஆட்டினா அது எப்படிப்பா 'சரி சார்' ஆகும்?"

வெண்டெல் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "இன்னொரு தடவை பண்ணு."

"மீன் தீயுது."

"தீயட்டும். இன்னொரு தடவை பண்ணு."

அவள் பண்ணினாள். அவர் மேசைமேல் கிடந்த காகித நாப்கினை இழுத்து, சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து வரைந்தார். 'இப்போ' என்று எவன் வேண்டுமானாலும் கத்தட்டும். மோவாய் மேலே போனால் அதை உத்தரவுக்குப் பதில் என்று ஒரு குருடன்கூடச் சொல்ல மாட்டான். வரைந்துகொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஆகாது. பஸ்ல இருக்கறது தெரியாத கெழவர். அவரப் பாத்து மேல தூக்கினா, வளர்ப்பு சரியில்லன்னு நம்ம ஆளுங்களே சிரிப்பாங்க. எங்க அம்மா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து கிள்ளுவா."

"படத்துல தெரிஞ்ச கெழவர் யாருமே இல்லையா?"

"பர்விஸ் இருக்கார். டாமினோ ஆடற பக்கத்து வீட்டுக்காரர்."

"அப்ப அவர பஸ்ல ஏத்து," என்றாள் ரெனெட்டா. "ஏத்தறதுக்கு என்னக் கேட்டா நான் ஏத்திக்கறேன், டிக்கெட்கூட வேண்டாம்." தீய்ந்த மீனை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

காட்சி முடிவாகி, இனி மாற்றமில்லை என்று பூட்டிய பிறகு ஒரு கோடு மாற்றுவதென்றாலும் இயக்குநர் சம்மதிக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தில் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்த கட்டளை. வெண்டெல் அதை ஒருநாளும் மீறியதில்லை. காப்பி இயந்திரம் பக்கம் போவதற்கே அனுமதி கேட்கிற ஆள் என்று அவரைக் கேலி செய்வார்கள். டிரெவர் அந்த வாரம் இசை ஒலிப்பதிவுக்காக லண்டன் போயிருந்தான். தொலைபேசியில் கேட்டிருக்கலாம். வெண்டெல் தொலைபேசியை எடுத்தார், பார்த்தார், கவிழ்த்து வைத்தார். புதிய படங்களை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

அந்தக் காட்சிக்கு அசைவு கொடுக்கிறவள் சோ-யோன். சியோலிலிருந்து வந்து பல வருஷம் ஆகிறது. வேலையில் ஒரு மயிரிழை பிசகினாலும் தூங்க மாட்டாள். படங்களைப் பார்த்தாள்.

"கெழவர மாத்தியிருக்கீங்க."

"ஆமா. பர்விஸ் பொம்மை உங்ககிட்ட ரெடியாத்தான இருக்கு?"

"இருக்கு. தலையசைப்பையும் மாத்தியிருக்கீங்க. இது ஓகே ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"யாரு ஓகே பண்ணினது?"

வெண்டெலின் ஒப்பந்தம் வசந்தத்தில் முடிகிறது. புதுப்பிப்பதும் புதுப்பிக்காததும் டிரெவர் கையில். இந்த வயதில் வேறு யார் கூப்பிடுவார்கள்?

"நான்," என்றார்.

சோ-யோன் படங்களை இன்னொரு தடவை புரட்டினாள். "என் பேரு இதுல வராதுல்ல?"

"என் பேரப் போட்டுக்கோம்மா. எதுவா இருந்தாலும் என் தலையில."

அவள் திரையின் பக்கம் திரும்பினாள். "சரி. எவ்வளவு மேல?"

வெண்டெல் செய்து காட்டினார். அவள் தன் மேசைக் கண்ணாடியில் பார்த்துச் செய்தாள். "அய்யோ, அது எங்கயோ ஏதோ கருகற வாசனை வந்த மாதிரி இருக்கு," என்றார் வெண்டெல். மறுபடி செய்தாள். "இது சண்டைக்குக் கூப்பிடற மாதிரி. கண்ணு அசையக்கூடாது. வேகமா மேல, மெதுவா கீழ. கொஞ்சமாத்தான். யாரும் பாக்கலேன்னா நடக்கவே இல்லங்கற மாதிரி." அரைமணி நேரம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மோவாயைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெண்டெல் அந்தக் கட்டடத்துக்குள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

டிரெவர் அதைப் பார்த்தது ஒளி, நிழல், தூசி எல்லாம் சேர்ந்து காட்சி முடிந்து வந்தபோது. மறுபடி செய்ய நேரமும் இல்லை, செலவுக்கு இடமும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வெண்டெலைக் கூப்பிட்டான். கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, வெண்டெல்."

"கேட்டிருந்தா?"

"யோசிச்சிருப்பேன்."

"அதான் கேக்கல."

டிரெவர் முகம் சிவந்தது. "இப்போ பாருங்க, தளபதி பேசறார், இவன் மதிக்காம யாரையோ பாத்து என்னமோ பண்றான்."

"அந்த 'இப்போ'வ எடுத்துடுங்க. எல்லாம் சரியாயிடும்."

"அத எடுக்க மேல விட மாட்டாங்க. முன்னோட்டத்துல வந்த பிரச்சனை அது." நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "சத்தத்துல ஏதாவது பண்ணிப் பாக்கறோம். இவ்வளவு வருஷத்துல நீங்க ஒருதடவைகூட இப்படிப் பண்ணினது இல்லையே."

"இல்லதான்," என்றார் வெண்டெல்.

வசந்தத்தில் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு கேக் வெட்டினார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்ட பெரிய அட்டை ஒன்று கொடுத்தார்கள். அடுத்த படத்தின் கறுப்பு நாயகனைப் பார்த்துத் தலையாட்ட வேறொரு ஆளை எடுத்துவிட்டார்கள், அவன் கழுத்து இன்னும் இளசு. வெண்டெல் காலையில் எழுந்திருக்காமல் தூங்கினார். பகலிலும் தூங்கினார். இத்தனை வருஷத்துக் களைப்பு உடம்புக்குள் எங்கே ஒளிந்திருந்தது என்று ரெனெட்டாவுக்கே ஆச்சரியம். "கரடி மாதிரி தூங்கறான்," என்று மகளிடம் தொலைபேசியில் சொன்னாள், பெருமையா கவலையா என்று தெரியாத குரலில்.

படம் வெளிவந்த முதல் சனிக்கிழமை, எங்கள் ஆட்கள் அதிகம் வருகிற பால்ட்வின் ஹில்ஸ் கொட்டகையில் பகல் காட்சிக்குப் போனார்கள். ரெனெட்டா ஈஸ்டருக்குப் போடுகிற மஞ்சள் சட்டையைப் போட்டிருந்தாள். கொட்டகை நிறைந்திருந்தது. சத்தத்தில் என்ன செய்தார்கள் என்று வெண்டெலுக்குத் தெரியாது. சோ-யோனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கத் தைரியம் வரவில்லை. பர்விஸ் டாமினோ கட்டையை அறைந்தபோது கொட்டகை குலுங்கிச் சிரித்தது. தளபதி ஒவ்வொரு தடவை "இடது பக்கம்" என்றபோதும், பின்வரிசையிலிருந்த ஒரு பெரியவர், "ஆமா, இவருக்குத்தான் பக்கம் தெரியும்," என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். வெண்டெல் கையிலிருந்த சோளப்பொரியை ஒன்றுகூட வாயில் போடவில்லை.

பாலம் வந்தது. விரிசல் ஓடியது. பேருந்து தொங்கியது. கருவி கரகரத்துச் செத்தது. கீனன் நின்றான். ஜன்னலில் பர்விஸ், கண்ணாடியில் கன்னம் ஒட்டியபடி. அந்த அமைதியை வெண்டெல் அறிவார், அவர் வரைந்த அமைதி அது. அதற்குள் எதுவும் வந்துவிடக்கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"இப்போ!" என்றது தளபதியின் குரல். நடிகரின் குரல், வெண்டெல் பேசியதைவிட இரண்டு மடங்கு அதிகாரமாக. எடுக்கவில்லை, இன்னும் சத்தமாக்கியிருந்தார்கள். வெண்டெல் இருக்கைக்குள் அப்படியே இறங்கிவிட்டார். ரெனெட்டா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

திரையில் கீனன் அந்தக் குரலுக்குக் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. பர்விஸைப் பார்த்தான். மோவாய் மேலே போயிற்று. யாரும் பார்க்கவில்லையென்றால் நடக்கவே இல்லை என்கிற அளவுக்கு.

இந்தக் கொட்டகையில் பார்க்காதவர்கள் இல்லை. முதலில் ஒரு மூலையிலிருந்து சிரிப்பு, அப்புறம் மொத்தக் கொட்டகையும். காமெடிக்குச் சிரிக்கிற சிரிப்பு அல்ல, முதலாளி கத்த, கேட்காதவன் போலத் தன் வேலையைப் பார்க்கிறவனைக் கண்டால் வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. தளபதி எவ்வளவு கத்தினாரோ அவ்வளவு பெரிதாகச் சிரித்தார்கள். மெதுவாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு பேருக்குக் கேட்டே இருக்காது.

"அவன் கெடக்கான், விடு," என்றார் பின்வரிசைப் பெரியவர், கீனனிடமே சொல்வதுபோல. "நீ உன் ஆளப் பாரு."

கீனன் கையை உயர்த்தினான். பாலம் நின்றது. வெண்டெலுக்கு அழுகை வந்தது. பாதி சந்தோஷம், பாதி இத்தனை காலத்துக் களைப்பு. ரெனெட்டா தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

விளக்குப் போட்டார்கள். பின்வரிசைப் பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்து, நடைவழியில் வெண்டெல் பக்கம் வந்தபோது, ஒரு வழிப்போக்கனுக்குத் தருகிற மரியாதையோடு மோவாயைக் கீழே இறக்கினார். வெண்டெல் இன்னும் பாலத்திலேயே இருந்தார் போல. அவர் தலை, வழக்கத்தை மறந்து, மேலே போய்விட்டது.

ரெனெட்டா தலையில் கை வைத்துக்கொண்டாள். பெரியவர் நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா, நமக்குள்ள பழக்கமா?"

"ஆமாங்க," என்றார் வெண்டெல். "இப்போதான்."

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார், ஈரமான கண்ணையும் தொடாத சோளப்பொரியையும். "சரி, பழக்கமாயிட்ட," என்றார். "அப்ப இந்தப் பக்கம் வந்து பிடி. படி இறங்கணும்."

வெண்டெல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வலிக்கிற முழங்காலோடு அவரும், தடியோடு பெரியவரும், ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். பின்னால் வந்தவர்கள் காத்திருந்தார்கள்.